இருபத்துமூன்று பேரும் ஒரே பதில்

செலியமேடு
9-3-1980

சுலோசனா அம்மாவுக்கு, செலியமேட்டில் மதகு திறக்கும் வைத்தியலிங்கம் எழுதுவது.

நான்தான் எழுதுகிறேன். சொல்லச் சொல்ல யாரும் எழுதித் தரவில்லை. எங்கள் பால் சொசைட்டி கணக்கர் ஏகநாதன், மாலையில் எல்லாரும் பால் ஊற்றிப் போனபிறகு அங்கேயே பெரியவர்களுக்கு வகுப்பு நடத்துகிறார். போன ஆடியில் சேர்ந்தேன். அறுபத்தாறு வயதில் எழுத்து வந்துவிட்டது. பஸ் பலகை படிக்கிறேன். பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து நாங்கள் மேரி என்று சொல்லும் பஞ்சாயத்து ஆபீசின் பலகையைப் படிக்கிறேன். சோப்பு உறையைக்கூட விடுவதில்லை. மருமகள் அம்சவள்ளி, "மாமா, படிச்சது போதும், சோப்பக் குடுங்க, துணி ஊறுது" என்கிறாள்.

நீங்கள் எங்கள் ஊரில் எட்டு மாதம் தங்கி, வாய்க்கால் வாய்க்காலாக நடந்து, நாங்கள் ஏரித் தண்ணீரைப் பங்கிடும் முறையை எழுதிக்கொண்டு போனீர்கள். பஸ் ஏறும்போது, புத்தகமாக வந்தால் முதல் பிரதி எனக்கு என்றீர்கள். எனக்கு அது விறகுதான் என்று சிரித்தேன். அந்தப் பேச்சை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். புத்தகம் வந்துவிட்டதா? வகுப்பில் கொடுத்த பாடப் புத்தகத்தை மூன்று முறை முடித்துவிட்டேன். அதில் பொன்னி என்ற பெண் மூன்று முறையும் அதே செடிக்குத்தான் தண்ணீர் ஊற்றுகிறாள்.

வைத்தியலிங்கம்

மதுரை
24-3-1980

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கல்லூரியில் என்னோடு வேலை பார்ப்பவர்களிடம் காட்டினேன். கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்றார்கள்.

புத்தகம் வரவில்லை. நான் எழுதியது ஆய்வேடாகக் கறுப்பு அட்டை போட்டுப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். டாக்டர் பட்டம் கிடைத்தது. தேர்வாளர்கள் மூன்று பேர் படித்தார்கள். நான்காவதாக யாரும் படித்ததாகத் தெரியவில்லை. இரண்டு வருடம் முன்பு ஒரு பதிப்பகத்துக்கு மொத்தக் கட்டையும் அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து, கட்டின கயிறு அவிழாமல் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அலமாரியில் வைத்துவிட்டேன். உங்களுக்குச் சொன்ன சொல் தவறியது நான்தான்.

சுலோசனா

செலியமேடு
12-4-1980

அம்மா,

எங்கள் வீட்டு மாடு கால் நொண்டுகிறது. மற்றபடி எல்லாரும் இருக்கிறோம்.

ஒன்று கேட்கிறேன். நெல் விற்கிறவன் வண்டி நிறைய மூட்டை ஏற்றிக்கொண்டு போய் வியாபாரி வாசலில் இறக்குவானா? ஒரு கைப்பிடியைத் துண்டில் முடிந்துகொண்டு போவான். அவர் அதை உள்ளங்கையில் தேய்த்து, ஊதி, வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பார். பிடித்தால் வண்டி வரட்டும் என்பார். நீங்கள் களத்தையே தூக்கி அனுப்பியிருக்கிறீர்கள்.

அலமாரியில் இருந்தால் எனக்கு எப்படி வரும்?

வைத்தியலிங்கம்

மதுரை
2-7-1980

ஐயாவுக்கு,

நீங்கள் சொன்னதையே சென்னைப் பதிப்பகம் ஒன்றில் பதிப்பாசிரியராக இருக்கும் சண்முகசுந்தரமும் சொன்னார், நெல் மட்டும் இல்லாமல். முதலில் இரண்டு பக்கக் கடிதம் போதும் என்றார். இதற்குமுன் யாரும் சொல்லாதது இதில் என்ன, யார் காசு கொடுத்து வாங்குவார்கள், எத்தனை பக்கம், எப்போது முடியும். கூடவே அத்தியாயப் பட்டியல், மாதிரிக்கு ஓர் அத்தியாயம். அவர் பதில் சொல்லும்வரை வேறு பதிப்பகத்துக்கு அனுப்பக் கூடாது.

அனுப்பினேன். ஐந்து வாரத்தில் பதில் வந்தது. அவருக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஆய்வேட்டை அப்படியே அச்சடிக்க மாட்டார். "தேர்வாளர் படித்தே ஆக வேண்டும். வாசகர் எந்தப் பக்கத்திலும் மூடிவிடலாம்" என்று எழுதியிருக்கிறார். பிறர் எழுதியதை எல்லாம் சுருக்கிச் சொன்ன முதல் அத்தியாயம் முழுவதும் போக வேண்டும். அடிக்குறிப்புகளில் பாதி போக வேண்டும். நூற்றெண்பது பக்கத்துக்குள் தை மாதம் கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். இந்தத் துறையில் இல்லாத, மெதுவாகப் படிக்கிற ஒருவரிடம் ஒவ்வொரு அத்தியாயத்தையும் கொடுங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே கோளாறு உங்களுடையது, அவருடையது அல்ல. எனக்கு உங்கள் நினைவுதான் வந்தது. இரண்டு அத்தியாயம் அனுப்புகிறேன். நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள்.

சுலோசனா

செலியமேடு
30-7-1980

அம்மா,

மெதுவாகப் படிப்பதற்கு ஆள் வேண்டும் என்று யாராவது கேட்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. ஏகநாதனிடம் சொன்னேன். வகுப்பில் என்னைவிட மெதுவாக இருசப்பன் இருக்கிறான், அவனிடமும் கொடுக்கலாமா என்றார். கொடுக்கவில்லை. இது எனக்கு வந்த வேலை.

நாற்பத்தொரு புள்ளி வைத்திருக்கிறேன். ஆறாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் தலையில் ஆரம்பித்து அடுத்த பக்கம் போகிறது. வால் பிடிபடும்போது தலை மறந்துவிட்டது. மூன்று புள்ளி வைத்தேன்.

முதல் பக்கத்தில், "ஆய்வாளர் செலியமேட்டில் எட்டு மாதம் தங்கினார்" என்று இருக்கிறது. யார் அந்த ஆள், நமக்குத் தெரியாமல் எங்கே தங்கினார் என்று இரண்டு நாள் யோசித்தேன். ஏகநாதன்தான் அது நீங்கள் என்றார். எங்கள் வீட்டுக்கு எதிர் வீட்டில் இருந்துகொண்டு, என் வீட்டில் கூழ் குடித்துவிட்டு, ஏன் யாரோபோல எழுதுகிறீர்கள்? நான் என்று எழுதினால் பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களா?

மற்றது நன்றாக இருக்கிறது. மதகைப் பற்றி எழுதியிருப்பதில் ஒரு குறையும் இல்லை. படித்தபோது பலகை தூக்குகிற சத்தமே கேட்டது. அடுத்ததை அனுப்புங்கள்.

வைத்தியலிங்கம்

மதுரை
18-8-1980

ஐயாவுக்கு,

நீங்கள் புள்ளி வைத்த இடம் எல்லாம் திருத்தினேன். ஆய்வாளரை வெளியே அனுப்பிவிட்டேன். இப்போது எல்லா இடத்திலும் நான்தான். பதினொரு பக்கம் குறைந்தது.

இத்துடன் மூன்றாம் அத்தியாயம். புத்தகத்துக்கு உயிர் இதுதான். பதிப்பகம் ஒரு பேராசிரியரிடம் கொடுத்துக் கருத்து வாங்கியிருக்கிறது. அவர் யார் என்று என்னிடம் சொல்ல மாட்டார்கள். மற்ற அத்தியாயங்களை அவர் கிழித்திருக்கிறார். ஒவ்வொரு குறைக்கும் நான் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். ஏற்றால் எப்படித் திருத்துவேன் என்று, ஏற்காவிட்டால் ஏன் என்று. ஆனால் இந்த ஓர் அத்தியாயத்துக்காகவே புத்தகம் வெளிவரலாம் என்று சொல்லியிருக்கிறார்.

ஏரியில் தண்ணீர் குறையும் வருடம், வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை நிலத்துக்குத்தான் முதல் முறை என்று நீங்கள் எல்லாரும் சொன்னீர்களே, அது இப்படி வேறு எங்கும் பதிவாகவில்லை. கேட்ட இருபத்துமூன்று விவசாயிகளும் ஒரே பதிலைச் சொன்னார்கள் என்று பதினேழாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அந்த வரிக்குத்தான் அவர் பக்கத்தில் கோடு போட்டுப் பாராட்டியிருக்கிறார்.

சுலோசனா

செலியமேடு
10-9-1980

அம்மா,

மூன்றாம் அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மாட்டுக்குக் கால் சரியாகிவிட்டது. மழை இன்னும் இல்லை.

வைத்தியலிங்கம்

மதுரை
22-9-1980

ஐயாவுக்கு,

ஒரு புள்ளிகூட இல்லை. நான் எழுதக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகு பார்த்தால் பதினேழாம் பக்கத்தின் ஓரம் மட்டும் விரல் பட்டு அழுக்கேறியிருக்கிறது. மற்ற பக்கங்கள் அப்படி இல்லை. உடம்பு சரியில்லையா? கண் வலியா? எழுதுங்கள். நான்காம் அத்தியாயத்தையும் இத்துடன் அனுப்புகிறேன், தைக்குள் கொடுக்க வேண்டும்.

சுலோசனா

செலியமேடு
15-10-1980

அம்மா,

உடம்பு நன்றாக இருக்கிறது. பதினேழாம் பக்கத்தில் நின்றவன் இன்னும் அங்கேயே நிற்கிறேன். புள்ளி வைக்கக் கை வரவில்லை.

கடைமடைக்கு முதல் தண்ணீர் என்பது பொய். அப்படி ஒரு வருடமும் கொடுத்ததில்லை. மதகுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய பண்ணை அரங்கநாதன் நிலத்துக்குத்தான் எப்போதும் முதல் முறை. மிச்சம் கீழே போகும். சில வருடம் போகாது.

நீங்கள் வருவதற்கு ஒரு மாதம் முன்பு டீக்கடையில் ஒரு பேச்சு. கடைமடைக்குத் தண்ணீர் போகிறதா என்று பார்க்க அரசாங்கம் ஆள் அனுப்புகிறது, போகவில்லை என்றால் மதகுக்குப் பூட்டு போட்டு, சாவியோடு வெளியாள் ஒருவனை உட்கார வைப்பார்கள் என்று. அடுத்த மாதம் நீங்கள் நோட்டும் அளவு நாடாவுமாக வந்து வாய்க்காலை அளந்தீர்கள். நாங்கள் வேறு என்ன நினைப்போம்?

பூட்டு வந்தால் முதலில் போவது என் வேலை. அதனால் யோசனை என்னுடையதுதான். அவரவரைக் களத்தில் பார்த்து, அந்த அம்மா யாரைக் கேட்டாலும் இந்த ஒரே பதில் என்று சொல்லி வைத்தேன். கடைமடை இருசப்பன் மட்டும் சண்டைக்கு வந்தான். "எனக்கு வராத தண்ணிய வந்துச்சுன்னு நானே சொல்லணுமா? நல்லா கீதே உன் நியாயம்" என்றான். "இப்ப தண்ணி வரலன்னா என்ன நிக்க வச்சுத் திட்டற. சாவிக்காரன் வந்தா யாரடா திட்டுவ?" என்று கேட்டேன். யோசித்தான். தெரிந்த ஆளோடு சண்டை போடுவது மேல் என்று சம்மதித்தான்.

இரண்டாம் மாதமே நீங்கள் அரசாங்கம் இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் இருபத்துமூன்று பேர் சொன்னதை எப்படித் திரும்ப எடுப்பது? வாயால் சொன்னதுதானே, உங்களோடு பஸ் ஏறிப் போய்விட்டது என்று எட்டு வருடம் நிம்மதியாக இருந்தேன். எழுத்தில் பார்த்தபிறகு அப்படி இருக்க முடியவில்லை.

வைத்தியலிங்கம்

மதுரை
2-11-1980

ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது.

என் பட்டம், என் வேலை, இந்தப் புத்தகம், எல்லாம் அந்த ஒரு பக்கத்தின் மேல் நிற்கிறது. உங்களிடம் மட்டும் பன்னிரண்டு முறை கேட்டிருக்கிறேன். தேதியோடு நோட்டில் இருக்கிறது. பன்னிரண்டு முறையும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்.

இது பொய் என்று உங்கள் ஊருக்கு வெளியே எனக்கு மட்டும்தான் தெரியும். அப்படியே அச்சுக்குக் கொடுத்தால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. இதை எழுதும்போது அது ஒரு வழிதானா என்று உண்மையாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். என்னை அந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள்.

நான்காம் அத்தியாயத்தைப் படிக்க வேண்டாம். திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சுலோசனா

செலியமேடு
20-11-1980

அம்மா,

நான்காம் அத்தியாயம் தனித் தபாலில் வருகிறது. படிக்கவில்லை.

நீங்கள் கோபப்பட்டது நியாயம். நான் அதற்குப் பதில் சொல்ல எழுதவில்லை. ஒன்று மட்டும் கேட்க எழுதுகிறேன். பதில் போடாவிட்டாலும் சரி.

காசம்மாளை நினைவிருக்கிறதா? கடைமடையில் அரைக் காணியைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்தவள். அவளுக்குச் சொந்த நிலம் இல்லாததால் அவளிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை. உங்களைப்போன்றவர்கள் அவளைக் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் ஒருநாள் நீங்களும் அவளும் வரப்பில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். உங்கள் மடியில் நோட்டு திறந்திருந்தது. அவள் கையை வீசி வீசிப் பேசினாள். எல்லாம் வெளியே வந்துவிட்டது என்று பயந்தேன். ஒன்றும் வரவில்லை. நீங்கள் மறுநாளும் என்னிடம் வந்து அதே கேள்வியைக் கேட்டீர்கள், நானும் அதே பதிலைச் சொன்னேன்.

அன்றைக்கு அவள் உங்களிடம் என்ன சொன்னாள்?

வைத்தியலிங்கம்

மதுரை
14-12-1980

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

பெட்டியிலிருந்து பழைய நோட்டுகளை எடுத்தேன். பச்சை அட்டை நோட்டில், 1972 ஆகஸ்டு பதினேழாம் தேதி, காசம்மாள் சொன்னது அப்படியே என் கையெழுத்தில் இருக்கிறது: "கடைமடைக்கு மொதத் தண்ணியா? எந்த ஊர்ல? அவுங்க நாத்து குடிச்சு மிச்சம் இருந்தா எங்களுக்கு. அதுவும் அவுங்க மாடு கழுவினப்புறம்."

பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு. அதுவும் என் கையெழுத்துதான். "நிலம் சொந்தமில்லை. சேர்க்க வேண்டாம்."

யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. இருபத்துநான்கில் இருபத்துமூன்று என்று எழுதுவதைவிட இருபத்துமூன்றில் இருபத்துமூன்று என்று எழுதுவது அழகாக இருந்தது. நீங்கள் அவளிடம் சொல்லி வைக்காததற்கும் நான் அவளைச் சேர்க்காததற்கும் காரணம் ஒன்றுதான். என் போன கடிதத்துக்காக மன்னியுங்கள்.

சண்முகசுந்தரத்துக்கு எல்லாவற்றையும் எழுதினேன். புத்தகம் போயிற்று என்றுதான் நினைத்தேன். இரண்டு வழி சொல்லியிருக்கிறார். மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டு மற்றதைத் தைக்குள் கொடுக்கலாம், சுமாரான புத்தகமாக வரும். இல்லை, நடந்ததை நடந்தபடி எழுதலாம். ஓர் ஊர் ஏன் ஒரே குரலில் பேசியது, நான் ஏன் நம்பினேன் என்று. அதற்கு இன்னும் ஒரு வருடம் ஆகும். பேராசிரியர் மறுபடி படிப்பார், வேண்டாம் என்றும் சொல்லலாம். ஆய்வேட்டில் போனது தவறு என்று பல்கலைக்கழகத்துக்கும் நான் எழுத வேண்டும்.

இரண்டாவது வழிக்குச் சம்மதம் என்று எழுதிவிட்டேன். ஆனால் பெயர் வருகிற ஒவ்வொருவரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். கிடைக்காதவர்களுக்குப் பெயரை மாற்ற வேண்டும். இதை உங்களால் செய்ய முடியுமா? நான்காம் அத்தியாயத்தை மறுபடி அனுப்பியிருக்கிறேன். தாராளமாகப் புள்ளி வையுங்கள்.

சுலோசனா

செலியமேடு
5-2-1981

அம்மா,

இருபத்துமூன்று பேரில் ஐந்து பேர் காலமாகிவிட்டார்கள். மீதி எல்லாரிடமும் போனேன். ஏகநாதன் எழுதிக் கொடுத்த தாளை நானே ஒவ்வொருவருக்கும் படித்துக் காட்டினேன். பதினாறு பேர் சம்மதித்தார்கள். அதில் ஒன்பது கையெழுத்து, ஏழு கைநாட்டு. இரண்டு பேர் மாட்டேன் என்றார்கள். அவர்களுக்கு வேறு பெயர் போடுங்கள்.

பெரிய பண்ணை அரங்கநாதன் துரத்திவிடுவார் என்று நினைத்தேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "கவர்மெண்ட்டயே ஏமாத்தினோம்னு வருமா?" என்றார். அரசாங்கம் இல்லை, ஒரு காலேஜ் வாத்தியாரம்மாவை என்றேன். கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது. கடைசியில், "பேரு போடறதுன்னா என் பேர நல்லா பெருசா போடச் சொல்லு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இருசப்பன், அன்றைக்குத் தான் சண்டைக்கு வந்ததைக் கட்டாயம் எழுத வேண்டும் என்கிறான். அவன் இப்போது வகுப்பில் 'க' வரிசை முடித்துவிட்டான்.

காசம்மாள் களை எடுத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். நிமிரவே இல்லை. "நான் அன்னிக்கே சொன்னேன். அந்தப் பொண்ணு எழுதிச்சே. இப்ப இன்னா புதுசா?" என்றாள். எழுதியது சேரவில்லை என்றேன். வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "சேரலன்னா?" என்று கேட்டாள். சொந்த நிலம் இல்லை என்று நாங்கள் இரண்டு பேருமே உன்னை விட்டுவிட்டோம் என்றேன். பிறகு பெயர் மாற்ற வேண்டாம், சொந்தப் பெயரே இருக்கட்டும் என்று சொல்லிக் கைநாட்டு வைத்தாள்.

உங்களுக்கு எழுதும் கடிதத்தை விட்டால், இந்தச் சம்மதத் தாள்தான் நான் பேர் எழுதிக் கையெழுத்துப் போட்ட முதல் தாள். நான் பொய் சொன்னேன் என்று அதில் இருக்கிறது. கையெழுத்து நன்றாக வந்திருக்கிறது.

வைத்தியலிங்கம்

மதுரை
28-11-1981

ஐயாவுக்கு,

பேராசிரியர் சம்மதித்துவிட்டார். முன்பு பாராட்டியதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இப்போதுதான் இது புத்தகம் என்று எழுதியிருக்கிறார். பல்கலைக்கழகத்துக்கும் எழுதினேன், பட்டத்தைத் திரும்பக் கேட்கவில்லை. அச்சுப்படி வந்திருக்கிறது. இந்தக் கட்டத்தில் எழுத்துப் பிழை தவிர எதையும் தொடக் கூடாது என்று சண்முகசுந்தரம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஒரு வரி சேர்த்தால் பக்கம் எல்லாம் நகர்ந்துவிடுமாம். நான் கையைக் கட்டிக்கொண்டு படிக்கிறேன். பின்னால் வரும் பெயர்ப் பட்டியலையும் நானே தயாரிக்கிறேன். உங்கள் பெயர் முப்பத்துநான்கு பக்கங்களில் வருகிறது.

மூன்றாம் அத்தியாயம் காசம்மாள் சொன்னதோடு தொடங்குகிறது.

மாசிக்குள் முதல் பிரதி உங்களுக்கு வரும்.

சுலோசனா

செலியமேடு
27-2-1982

அம்மா,

புத்தகம் வந்தது. தபால்காரர் கொடுத்த இடத்திலேயே உறையைப் பிரித்தேன். நூற்று எழுபத்தாறு பக்கம். கையில் அடங்குகிறது.

ஆறு நாளில் படித்து முடித்தேன். முன்பு ஓர் அத்தியாயத்துக்கே பதினைந்து நாள் ஆனது. இனிமேல் மெதுவாகப் படிக்க உங்களுக்கு வேறு ஆள்தான் தேட வேண்டும். இருசப்பன் இருக்கிறான்.

நேற்று சொசைட்டியில் மூன்றாம் அத்தியாயத்தை உரக்கப் படித்தேன். நல்ல கூட்டம். இருசப்பன் சண்டை வந்த இடத்தில் அவனை எழுந்து நிற்கச் சொன்னார்கள், நின்றான். பெரிய பண்ணை ஆள் அனுப்பாமல் தானே வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார்.

காசம்மாளும் வந்திருந்தாள். படித்து முடித்ததும் பக்கத்தில் வந்து, "எம் பேரு எது, காட்டு" என்றாள். விரல் வைத்துக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். "இம்மாந்துண்டா இருக்குது" என்றாள். பிறகு, "அவுரு பேரு?" என்று பின்பக்கம் தலையை ஆட்டினாள். அடுத்த பக்கத்தில் அரங்கநாதன் பெயரைக் காட்டினேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி என்னிடம் கொடுத்து, அளக்கச் சொன்னாள். அவர் பெயரின் உயரத்துக்கு ஈர்க்கை ஒடித்து, அதைக் கொண்டுவந்து அவள் பெயரின்மேல் வைத்தேன். ஏகநாதனும் பார்த்தார். பெரிய பண்ணையும் எழுந்து வந்து பார்த்தார்.

ஒரே உயரம்தான். அந்த ஈர்க்குத் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.

வைத்தியலிங்கம்